விரிப்பின் மறுமுனை

அந்த ஆள் உள்ளே போய்ப் பதினோரு நிமிடம் ஆகிறது. முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கதவு, அதற்குள் முதலில் தலை, பிறகு தோள், கடைசியில் நீல உறை மாட்டிய இரண்டு பூட்ஸ், அவ்வளவுதான், வீடு ஆளை விழுங்கிவிட்டது. நான் மிருணாளினியின் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். மூச்சை விடுவதில் பிரச்சினை இல்லை. இழுக்கும்போதுதான் யோசனை வருகிறது, இழுக்கலாமா என்று. இழுக்காமல் எத்தனை நேரம் இருக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டு வரை வந்தது, அப்புறம் வாய் நிறைய அள்ளி இழுத்துவிட்டேன், அதற்கு ஒழுங்காகவே மூச்சு விட்டிருக்கலாம். உலகம்மா, உனக்கு எதிலும் இப்படித்தான், மிச்சம் பிடிக்கப் போய் மொத்தமாகக் கொட்டுவாய். இந்தக் கட்டிலில் என் மகள் நான்கு வருஷமாகப் படுக்கிறாள். அறை பாதி மண்ணுக்குள்ளே இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் புல்லின் வேர் கண்ணுக்கு நேரே தெரியும். லாக்டவுன் சமயத்தில் மாடி அறை அவள் அப்பாவின் ஆபீசாக மாறியது, இவள் கீழே வந்தாள். வந்த அன்று கட்டிலை அவள் ஜன்னல் ஓரமாகப் போட்டிருந்தாள். வடக்கே தலை வைத்துப் படுத்தால் ஆயுசு குறையும் என்று சண்டை போட்டு, நானே இழுத்துத் திருப்பிப் போட்டேன். திருப்பியதில் தலைமாடு எங்கே வந்தது? அந்தச் சின்னக் கதவுக்கு நேராக. ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் சிமெண்ட் கிடையாது, தரை கிடையாது, சமையலறைக்கு அடியில் மூன்றடி உயரத்துக்கு வெறும் இருட்டும் மண்ணும். ஆயுசுக்காகத் திருப்பிப் போட்டேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் காற்று இழுக்க வேண்டியிருக்கிறது.

மேஜை மேல் அந்த வெள்ளைப் பெட்டி இருக்கிறது, சோப்பு டப்பா அளவு. பதினான்கு புள்ளி இரண்டு. மணிக்கு ஒருமுறைதான் மாறுமாம், ஆனால் நான் கண் எடுக்கும் நேரம் பார்த்து மாறிவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர் ஆளுக்கு ஒன்று கொடுத்து, வீட்டில் தரைக்குக் கீழே இருக்கிற இடத்தில் ஒரு வாரம் வைத்து எண்ணை எழுதி வரச் சொன்னாராம். போன வெள்ளிக்கிழமை மிரு பையைக் கீழே போடாமலேயே சமையலறை வாசலில் நின்று, "அம்மா, கிளாஸ்ல நம்ம வீடுதான் ஃபர்ஸ்ட்" என்றாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பெருமையாக இருந்தது. கையில் கரண்டியோடு, "எதுலட்டி ஃபர்ஸ்ட்டு?" என்று கேட்டேன். அந்த நொடிக்காக என்னை நானே அறையலாம் போல இருக்கிறது. நான்குக்கு மேல் போனால் ஆள் கூப்பிட வேண்டும், நம்முடையது பதினான்கு என்றாள். ரேடான் என்று பெயர், மண்ணுக்குள் இருக்கும் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வருகிற வாயு, இந்த அயோவா மாநிலத்து மண்ணே அப்படித்தான், நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சிகரெட்டுக்கு அடுத்து நுரையீரல் புற்றுநோய்க்கு இதுதான் காரணம் என்று ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அன்றைக்கே மேலே ஹால் சோபாவில் படுக்கை போட்டுவிட்டேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுகிற பிள்ளை. அதுவும் பயமாக இருக்கிறது.

மணம் கிடையாது, நிறம் கிடையாது, ருசி கிடையாது. இது எனக்கென்றே செய்ததுபோல ஒரு தண்டனை. இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து மணத்துக்குத்தானே பயந்து செத்தேன். முதலில் இருந்த அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்காரி லிப்டில் என்னைப் பார்த்ததும் மூக்கைச் சுருக்கினாள், அன்றிலிருந்து கடுகு வெடிப்பதற்கு முன்பே ஜன்னல் திறக்கும். வெளியே மைனஸ் பதினெட்டு, உள்ளே நான் கோட் மாட்டிக்கொண்டு கருவாடு வறுப்பேன். கோட்டை மட்டும் தனி அலமாரியில் உறை போட்டு மாட்டுவேன், மிருவின் பள்ளிக்கூடப் பை சமையலறைப் பக்கமே வரக்கூடாது. மணக்கிற எல்லாவற்றையும் துரத்தினேன். மணக்காத ஒன்று என் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. குளிர்காலத்தில் வீட்டின் சூடான காற்று மேலே ஏறி மாடி இடுக்குகள் வழியாக வெளியே போகுமாம், போன இடத்தை நிரப்ப வீடு கீழேயிருந்து மண்ணின் காற்றை இழுக்குமாம். வேய்ன் காலையில் போனில் அப்படித்தான் சொன்னார், வீடு மூச்சு விடுகிறது மேடம் என்று. வேய்ன்தான் இப்போது உள்ளே ஊர்ந்துகொண்டிருப்பவர், ரேடானை வெளியேற்றுவதுதான் அவர் தொழில், இருபது வருஷமாக மற்றவர்கள் வீட்டுக்கு அடியில் வயிற்றால் நகர்ந்து பிழைக்கிறார். அவர் நுரையீரல் எப்படி இருக்கும்? கேட்கலாமா? கேட்டால் தப்பாக நினைப்பாரா? முகமூடி போட்டுக்கொண்டுதான் போனார். நாங்கள் போடவில்லை. நாங்கள் அங்கே ஊறுகாய் ஜாடி வைத்திருந்தோம்.

நாங்கள் இல்லை. நான். ஜாடி வைத்தது நான். ஏன் நாங்கள் என்று வந்தது?

வேய்ன் முதலில் தலையை மட்டும் உள்ளே நீட்டி விளக்கடித்துப் பார்த்தார். பிறகு வெளியே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெற்றி விளக்கை அணைக்காமலே என்னைப் பார்த்தார், எனக்குக் கண் கூசியது. "மேடம், இங்கே ஒரு விரிப்பு இருந்திருக்கிறது. மண் முழுவதையும் மூடி, சுவரோரம் பசை வைத்து ஒட்டிய கனமான விரிப்பு. அதற்கு அடியிலிருந்து காற்றை உறிஞ்சக் குழாயும் இருக்கிறது, ஃபேனும் இருக்கிறது, ஃபேன் இன்னும் ஓடுகிறது. விரிப்பைத்தான் யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். சுவரில் ஓரம் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது, பாருங்கள். யார் எடுத்தது?" போனில் ஸ்பீக்கரில் ஆபீசிலிருந்து என் வீட்டுக்காரர் சிவசைலம் கேட்டுக்கொண்டிருந்தார். அறையில் மூன்று பேர் இருந்தோம் என்றே சொல்ல வேண்டும், நானும் வேய்னும் சிவசைலத்தின் மூச்சுச் சத்தமும். "எனக்குத் தெரியாது" என்றேன். ஐ டோன்ட் நோ. எத்தனை லேசாக வந்தது, தமிழில் கேட்டிருந்தால் நாக்குப் புரண்டிருக்குமோ என்னவோ. உடனே போனுக்குள்ளிருந்து அவர் கத்தினார். "அந்தக் கிழவன் பண்ண வேலைட்டி இது! விக்கிறதுக்கு முன்னாடி உருவிட்டுப் போயிருக்கான். ஏழு வருஷம்! எம் பிள்ள ஏழு வருஷமா இதுக்குள்ள இருந்திருக்கா. நா விடப்போறதில்ல, இன்னைக்கே லெட்டர் எழுதுதேன்." வேய்னுக்குத் தமிழ் புரியவில்லை, குரல் புரிந்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் போனதிலிருந்து நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், பதினாறு நிமிடம் ஆயிற்று.

வீடு வாங்கிய வருஷம், ஜூலை மாதம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், தென்காசிச் சித்திரையைக் கொண்டுவந்து டெக் என்கிற பின்வாசல் மரத்தளத்தில் கொட்டியதுபோல. அரிசி மாவும் ஜவ்வரிசியும் காய்ச்சியாகிவிட்டது, பச்சைமிளகாயும் பெருங்காயமும் எலுமிச்சையும் போட்டுக் கூழ் பக்குவமாக வந்துவிட்டது, ஊற்றத்தான் விரிப்பு இல்லை. வேட்டியில் ஊற்றினால் தண்ணீர் தெளித்துத் தெளித்து உரிக்க வேண்டும், கடையில் வாங்கிய பிளாஸ்டிக் காற்றுக்கு மடங்கிக்கொள்ளும். கூழ்வத்தல் போடுகிறவர்களுக்குத் தெரியும், நல்ல விரிப்பைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நான் அந்தச் சின்னக் கதவைத் திறந்தது ஜாடி வைக்கத்தான். திறந்தால் உள்ளே பளபளவென்று வெள்ளையாக, கித்தான் போல உறுதியாக, இருபது அடிக்கு ஒரே துண்டாக விரித்துக் கிடக்கிறது. மண்ணுக்குப் போய் யாராவது இத்தனை நல்ல விரிப்பை வீணாக்குவார்களா? காய்கறிக் கத்தியை எடுத்து வந்தேன். சுவரோரம் கறுப்புப் பசை, கத்தி சறுக்கி விரல்கூட லேசாக வெட்டிக்கொண்டது. கதவுக்குப் பக்கத்தில் குழாய் மேல் ஒரு கண்ணாடி வளைவு ஒட்டியிருந்தது, அதில் சிவப்புத் தண்ணீர், ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும். ஓரத்தை வெட்ட வெட்ட, அந்தச் சிவப்பு மெதுவாக அசைந்து இரண்டு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வந்து நின்றது. தராசு நின்றதுபோல நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை நாள் கோணலாக இருந்த ஒன்று நேரானதுபோல ஒரு திருப்தி. கடவுளே, எனக்கு அது பிடித்திருந்தது. அப்புறம் தூர மூலை. அங்கே நான் போக முடியாது, இந்த இடுப்போடு எங்கே ஊர்வது. ஆனால் தூர மூலையும் அறுந்து வந்தது. எப்படி வந்தது? வந்தது. இழுத்த இழுப்பில் வந்திருக்கும். வெளியே கொண்டுபோய் ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவி, சோப்பு போட்டுத் தேய்த்து, டெக்கில் விரித்து, உதறி, இருபது அடி, உதறும்போது காற்று நடுவில் புகுந்து பெரிய பாய்மரமாக எழுந்தது, அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம். இல்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை. டெக்கின் கம்பியில் கட்டியிருப்பேன். கம்பியில் கட்டித்தான் உதறியிருப்பேன்.

வத்தல் கண்ணாடி மாதிரி வந்தது. தமிழ்ச் சங்கத்தில் ஆளுக்கொரு பாக்கெட் கொடுத்தேன், அடுத்த வருஷம் சொல்லிவைத்து வாங்கினார்கள். எங்கள் தென்காசி அம்மன் பெயரை வைத்துக்கொண்டு வத்தலுக்குப் பெயர் வாங்கியிருக்கிறாய் என்று இவர்கூடக் கேலி செய்தார். ஏழு கோடை. ஒவ்வொரு கோடையும் அந்த விரிப்பு வெளியே வரும், வெயில் காயும், மடிந்து காரேஜுக்குள் போய் ஆணியில் தொங்கும். அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மண். மண் தன் பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சுவருக்குள்ளிருந்து உம்ம்ம் என்று ஒரு சத்தம் எப்போதும் வரும், ஏசி சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டோம். ஃபேனாம். ஏழு வருஷமாக எதையும் உறிஞ்சாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்த ஃபேன். பாவம், அது மட்டும்தான் தன் வேலையைச் செய்திருக்கிறது.

வீட்டை விற்ற கிழவர் பெயர் டென்னிஸ். சாவி கொடுத்த அன்று வீட்டை ஒருமுறை சுற்றிக் காட்டினார். இந்த அறைக்கு வந்ததும் அந்தச் சின்னக் கதவை விரலால் தட்டி, கீழே எல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறேன், இதை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள் என்றார். பிறகு செத்துப்போன தன் மனைவியைப் பற்றி என்னவோ சொல்லி நெஞ்சில் கையை வைத்தார். மனைவி மேல் வைத்த பிரியத்தைச் சொல்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். எஸ் எஸ் என்று தலையாட்டினேன், என் மனசெல்லாம் மேலே சமையலறையில், மிக்சிக்கு எந்த பிளக் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்ட காகிதம் நூறு பக்கம் இருக்கும், அதில் இதுவும் எங்கேயோ இருந்திருக்கும், யார் படித்தார்கள். அவர் கை எங்கே இருந்தது? இடது பக்கமா? இதயம் என்றால் இடது பக்கம்தானே வைப்பார்கள். அவர் இரண்டு கையையும் வைத்தார். நெஞ்சு முழுவதையும் மூடுவதுபோல இரண்டு கையையும் வைத்தார். அந்த அம்மாள் எதனால் செத்தாள்? எந்த அறையில் படுத்திருந்தாள்? மெத்தையைப் பிடித்துக்கொள்கிறேன், இதுவும் மிருவின் மெத்தை, அவள் தலை வைத்த இடம் பள்ளமாக இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணி நேரம். லாக்டவுனில் கிளாஸும் இதே அறையில்தான், அப்போது இருபத்துநான்கு மணி நேரமும். ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து மூச்சு என்று வைத்தால் மணிக்குத் தொள்ளாயிரம், ஒன்பது மணி நேரத்துக்கு எட்டாயிரத்து நூறு, அதை முந்நூற்று அறுபத்தைந்தால், வேண்டாம், வேண்டாம் உலகம்மா, பெருக்காதே. அந்த வயசான மனுஷருக்குத்தான் இவர் லெட்டர் எழுதப்போகிறார். மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, வாங்க வருகிறவர்களுக்காவது ஆகாது என்று தரையோடு தரையாக ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போன மனுஷருக்கு.

சொல்லிவிட்டால் என்ன? சொல்லலாம். சொன்னால் இவர் கத்தமாட்டார், அதுதான் பயம். கத்துகிறவர் வெளியாள்மேல்தான் கத்துவார். என்மேல் கோபம் வந்தால் பேசாமல் இருப்பார், தட்டைத் தானே கழுவி வைப்பார். மிரு விஷயத்தில் அந்தப் பேசாமை ஒரு வாரத்தோடு முடியாது. பத்து வருஷம் கழித்து, இருபது வருஷம் கழித்து, அவளுக்கு ஒரு சின்ன இருமல் வந்தால்கூட என்னைத் திரும்பிப் பார்ப்பார். நானும் பார்ப்பேன். எந்த டெஸ்ட்டும் கிடையாதாம், உள்ளே போனது எவ்வளவு என்று பார்க்க வழி கிடையாதாம், வராமலேயும் போகலாமாம், பெரும்பாலும் வராதாம். பெரும்பாலும். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எப்படி ராத்திரி கண்ணை மூடுவது? ரேடானுக்கு விரிக்கிற விரிப்பின் படத்தை வெள்ளிக்கிழமை ராத்திரியே போனில் பார்த்துவிட்டேன், எங்கள் வத்தல் விரிப்பேதான். நேற்று அதனால்தான் காரேஜுக்குப் போனேன், விரிப்பைக் குப்பை வண்டி வருவதற்குள் கறுப்புப் பையில் சுருட்டிப் போட்டுவிடலாம் என்று. ஆணியில் விரிப்பு இல்லை. தேடினால், பனி தள்ளும் மிஷினுக்குப் பின்னால், அட்டைப்பெட்டிகளுக்கு அடியில், கசக்கித் திணித்துக் கிடக்கிறது. நான் எப்போதும் நான்காக மடித்துத்தான் மாட்டுவேன். நான் திணிக்கவில்லை. அப்படியானால் இவர் பார்த்துவிட்டாரா? பார்த்துவிட்டுத்தான், நானே வாயைத் திறக்கிறேனா என்று காத்திருக்கிறாரா? இன்றைக்குப் போனில் கத்தியது எனக்கு வைத்த பரீட்சையா? இல்லை, இவருக்கு அத்தனை நடிப்பு வராது, பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அப்படியென்றால் யார்? நான் அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். இந்த வீட்டில் மூன்று பேர்தான். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வந்ததும் மனசு எங்கேயாவது ஓடிவிடுகிறது, அடுப்பை அணைத்தேனா, பால் வாங்க வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு வத்தல் பொரித்துவைத்தேன். மற்ற நாள் என்றால் மேஜைக்கு வருவதற்குள் பாதியைக் காலி செய்கிறவள், தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தாள். "என்னட்டி, நல்லா இல்லையா?" "பசிக்கலம்மா." பசிக்கவில்லை. பசிக்காதது எதற்கு அறிகுறி என்று ராத்திரியெல்லாம் போனில் தேடினேன், எல்லாவற்றுக்கும் அறிகுறியாம்.

முதலில் பூட்ஸ் வருகிறது, பிறகு இடுப்பு, பிறகு வேய்ன். முழங்காலெல்லாம் மண். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மூச்சு வாங்குகிறார், இந்த அறையில் இத்தனை தாராளமாக ஒருவர் மூச்சு வாங்குவதைப் பார்க்கவே எனக்குத் திகிலாக இருக்கிறது. வியாழக்கிழமை வந்து புது விரிப்புப் போட்டுவிடுவார், சுவரோடு ஒட்டிச் சீல் வைப்பார், பழைய குழாயையே பயன்படுத்திக்கொள்ளலாம், ஃபேனை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டு மூன்று நாளில் எண் இறங்கிவிடும், இரண்டுக்கும் கீழே வரும் என்றார். குழாயில் இருந்த கண்ணாடி வளைவைக் காட்டினார். "இது இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். எப்போதும் ஏறுமாறாக இருக்க வேண்டும். சமமாகப் பார்த்தால் உடனே என்னைக் கூப்பிடுங்கள்." சிவப்புத் தண்ணீர் ஏழு வருஷத்துக்கு முந்தின அதே மட்டத்தில் நிற்கிறது, என்னைத் தெரிந்ததுபோல. "என் மகள் நான்கு வருஷம் இங்கே படுத்திருக்கிறாள்" என்றேன். கேள்வியாகக் கேட்கத் தைரியம் இல்லை. அவர் கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றினார், ஒவ்வொரு விரலாக. "சின்னப் பெண், சிகரெட் பிடிக்கமாட்டாள். இன்றைக்கு நிறுத்துகிறீர்கள், அதுதான் முக்கியம். இருபது வருஷம் தெரியாமலே படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறார்கள்" என்றார். எல்லாருமா என்று நான் கேட்கவில்லை. படியேறப் போனவர் நின்று, "வெட்டினது சின்ன வேலை இல்லை மேடம். தூரத்து மூலையில் வெட்டு ரொம்பச் சின்னச் சின்னதாக, அலையலையாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துக் கத்தரியால் வெட்டினதுபோல. என்னாலேயே அங்கே போகக் கஷ்டமாக இருந்தது" என்றார். சும்மா, தொழில்காரன் ஆச்சரியத்தில் சொன்னார். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

அலையலையாக. வட்ட முனை வைத்த மஞ்சள் கத்தரி. மூன்றாம் வகுப்புக்கு வாங்கிக் கொடுத்தது, ஓரம் அலையலையாக வெட்டும், பிறந்தநாள் அட்டை செய்வதற்கு. ஒன்பது வயசு, விலா எலும்பு எண்ணலாம், எலிக்குஞ்சு மாதிரி உள்ளே போனாள். "அங்கன ஒரு மூலைதாம்ட்டி, உன்னால முடியும், எஞ் செல்லம்ல" என்று கதவில் தலையை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கெஞ்சினது யார்? சிலந்திவலை தலைமுடியில் ஒட்டிக்கொண்டு, பல் விழுந்த வாயோடு, "அம்மா கட் பண்ணிட்டேன்!" என்று இருட்டுக்குள்ளிருந்து கத்தினாள். டெக்கில் மறுமுனையைப் பிடித்ததும் அவள்தான். காற்று புகுந்து விரிப்பு எழுந்தபோது, அவளையும் தூக்கிவிடுமோ என்று குதிகாலில் நின்று சிரித்தாள். கம்பியில் ஒன்றும் கட்டவில்லை. இந்தக் கதவுக்குள் இப்போது குனிந்து பார்த்தால் அவள் உள்ளேயே இருப்பாள் போல இருக்கிறது. ஐந்து நாளாக அந்த ஒரு இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன், அந்த ஒரு இடத்தில்தான் கால் வைக்காமல் தாண்டியிருக்கிறேன். என் பயத்துக்கு அத்தனை சாமர்த்தியம் இருந்திருக்கிறது.

வெளியே பஸ் பிரேக் போடுகிற சத்தம். மூன்று இருபது. மேலே கதவு, ஷூவைக் கழற்றும் சத்தம், படியில் காலடி. இங்கே வராதே என்று கத்த நினைக்கிறேன், அதற்குள் வந்துவிட்டாள். அவள் கடைசிப் படியில் நின்று திறந்து கிடந்த சின்னக் கதவைப் பார்த்தாள், தரையில் கிடந்த மண்ணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. "அந்த மனுஷன் உள்ள போனாரா?" என்றாள். "போனாரு." "பாத்தாரா?" நான் தலையசைத்தேன். பை தோளிலிருந்து வழுக்கி விழுந்தது. "அம்மா, நான் படிச்சேன்மா. ப்ராஜெக்ட்டுக்கு. அந்த ஷீட் எதுக்குன்னு வெள்ளிக்கிழமையே படிச்சிட்டேன். நான்தானம்மா கட் பண்ணேன். அந்த மூலைய நான்தான் கட் பண்ணேன். நீ எனக்குச் சொல்லத்தானே செஞ்ச, பண்ணது நான்தானே. அப்பா பாத்துரக் கூடாதுன்னு காரேஜ்ல ஒளிச்சு வச்சேன்." பதினாறு வயசுப் பிள்ளை பல் கிட்டிக்க நிற்கிறது. தன் நுரையீரலுக்காக இல்லை. ஐந்து நாளாகச் சோபாவில் சுருண்டு, சோற்றை ஒதுக்கி, என் முகத்தைப் பார்க்காமல், தான் பண்ணிவிட்டோம் என்று, வீட்டில் எல்லாருக்கும் தானே இதைக் கொண்டுவந்துவிட்டோம் என்று. நான் எனக்காகப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த அதே ஐந்து நாள்.

எழுந்து போய் அவளைப் பிடித்தேன். தலைமுடியில் சிலந்திவலை தேடினேன், கை தானாகத் தேடியது. மேலே கூட்டிக்கொண்டு வந்து சமையலறை நாற்காலியில் உட்காரவைத்தேன், ஜன்னல் அத்தனையையும் திறந்துவிட்டேன், மார்ச் மாதக் குளிர் முகத்தில் அடித்தது. போனை எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன், அவள் கேட்க வேண்டும். "ஏங்க, அந்த லெட்டர அனுப்பாதீய" என்றேன். "ஏன்? பாதி எழுதிட்டேன்." "அந்தப் பெரியவரு ஒண்ணும் பண்ணல. அவரு ஒழுங்காத்தான் ஒட்டி வச்சிட்டுப் போயிருக்காரு. நாந்தான் வெட்டி எடுத்தேன். வத்தல் ஊத்த. நம்ம வத்தல் விரிப்பு அதுதான்." போனில் சத்தமே இல்லை. அந்தப் பேசாமை ஆரம்பித்துவிட்டது, அது எத்தனை வருஷம் ஓடும் என்று தெரியவில்லை, ஓடட்டும். மிரு நாற்காலியிலிருந்து எழுந்து, வேண்டாம் என்பதுபோல என் கையைப் பிடித்தாள், "அப்பா, நானும்" என்று வாயெடுத்தாள். அவள் வாயை என் உள்ளங்கையால் மூடினேன். அவள் மூச்சு சூடாகக் கையில் பட்டது, ஒன்று, இரண்டு, மூன்று. கடைசியில் அவர் குரல் வந்தது, இறங்கிப்போன குரல். "யாருட்டி கூட இருந்தா? அவ்வளவு பெரிய விரிப்ப எப்படி எடுத்த?"

"யாரும் இல்ல. தனியாத்தான் வெட்டுனேன், தனியாத்தான் இழுத்தேன்."

மிரு என் கையை விலக்கினாள். "இருபது அடிம்மா" என்றாள், போனுக்குக் கேட்காமல்.

"இருபது அடியும் நாந்தான்" என்றேன், போனுக்குக் கேட்கும்படி.